கிதாரின் நாதம் கெடுவதேன்?

மின்சாரக் கிதாரின் பிக்கப்பை மாற்றிய பின் அதன் நாதம் முன்னிலுங் கெட்டுவிட்டதென்று முறையிடுவோர் பலர். அவருட் பெரும்பாலார் புதிய பிக்கப்பையே குற்றவாளியாகத் தீர்மானித்துவிடுகின்றனர். யாமும் ஒருகால் அவ்வாறே தீர்மானித்தோம். தீர்மானித்ததோடு நில்லாது, பழுதான பொருளைத் தந்துவிட்டீர் என்று விற்றவர்க்கு ஒரு கடிதமும் எழுதி, உறையிலிட்டு, தபால்தலையும் ஒட்டினோம். அக்கடிதம் தபாற்பெட்டியிற் சேராமற் போனது எம் நல்வினையே. அப்பிக்கப்பில் யாதொரு பழுதும் இல்லை. பழுது முழுதும் எம் கைவேலையில் இருந்தது. அதனை யாம் கண்டுகொண்ட வகையை ஈண்டு எழுதுவது, கிதார் வாசிக்கும் மாணவர்க்கும் பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணவர்க்கும் ஒருங்கே பயன்படும் என்று நம்புகின்றோம்.

பிக்கப் என்பது யாதென முதற்கண் அறிதல் வேண்டும். காந்தப்புலம் மாறுபடுங்கால் அதன்கண் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரந் தோன்றும் என்பதை மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். அவ்வுண்மையே பிக்கப்பிற்கு அடிப்படை. கிதாரின் எஃகுத் தந்திகளின் கீழே காந்தங்களும், அவற்றைச் சூழ்ந்து மயிரிழை போன்ற செப்புக்கம்பியாலாய சுருளும் அமைந்துள்ளன. காந்தம் தன் மேலுள்ள தந்தியையுஞ் சிறிது காந்தமாக்கும். அத்தந்தி அதிருந்தோறும் சுருளினூடு செல்லும் காந்தப்புலம் கூடியுங் குறைந்தும் மாற, அம்மாற்றத்திற்கேற்ற மின்சாரம் சுருளில் எழுந்து ஆம்ப்ளிபயருக்குச் செல்லும். நைலான் தந்தியைப் பூட்டினால் பிக்கப்பின் செவிக்கு அது எட்டாது. அமெரிக்க நாட்டில் ஜார்ஜ் பீச்சம் என்பார் 1931-ல் இம்முறையில் ஒரு கிதாரை அமைத்து, 1937-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பெண்டர் கம்பெனியார் 1954-ல் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டர் கிதாரின் பிக்கப் ஒவ்வொன்றிலும் 0.06 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பி ஏறக்குறைய 8,000 சுற்று சுற்றப்பட்டிருந்தது.

இத்துணைச் சுற்றுள்ள சுருள், தந்தியின் அசைவை மட்டும் ஏற்று அமைவதில்லை. அறையிலுள்ள மின்சாரக் கம்பிகளும் டிரான்ஸ்பார்மர்களும் பரப்பும் மாறுகாந்தப் புலத்தையும் அது ஏற்கும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சியுடையது. அதுவே ஆம்ப்ளிபயரில் இடையறாத முரலொலியாகக் கேட்பது. கிப்ஸன் கம்பெனியிற் பணியாற்றிய ஸெத் லவர் என்பார் இதற்கொரு மாற்றுக் கண்டு 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1959-ல் அதனைப் பெற்றார். ஹம்பக்கர் என வழங்கும் பிக்கப் அதுவே. அதில் இரண்டு சுருள்கள் அருகருகே உள்ளன. ஒன்றில் காந்தத்தின் வடமுனை தந்தியை நோக்கியிருக்க, மற்றதில் தென்முனை நோக்கியிருக்கும். அன்றியும், ஒன்றிற்கு மற்றது மின்சாரம் எதிர்த்திசையிற் செல்லுமாறு இணைக்கப்பட்டிருக்கும். தந்தியினால் எழும் மின்சாரம், முனை மாறியதனால் ஒருமுறையும், இணைப்பு மாறியதனால் மற்றொரு முறையும் திரும்பி, முடிவில் இரு சுருளிலும் ஒரே திசையதாகும். எதிர்மறை இரண்டு அடுத்து வரின் உடன்பாடாதல் போல. அறையிலிருந்து வரும் முரலுக்கோ காந்தமுனை ஒரு பொருட்டன்று. இணைப்பு மாறியதனால் மட்டும் ஒருமுறை திரும்பி, ஒரு சுருளின் முரலை மற்றொரு சுருளின் முரல் அழித்துவிடும். வாசகர் இதனை நினைவில் நிறுத்தல் வேண்டும். இணைப்பிலே ஒன்று தலைகீழானால் பயனும் தலைகீழாகும்: அழியவேண்டிய முரல் கூடும், கூடவேண்டிய தந்தியொலி அழியும்.

இனி, எமக்கு நேர்ந்ததைக் கூறுவோம். எம் மாணவர் ஒருவர் தாம் பல மாதஞ் சேர்த்த பணத்தில் ஒரு ஹம்பக்கர் வாங்கித் தம் கிதாரோடு கொண்டுவந்தார். அக்கிதாரில் கழுத்துப்புறத்தில் ஒன்றும் குதிரைப்புறத்தில் ஒன்றுமாக இரண்டு ஹம்பக்கர்கள் இருந்தன. குதிரைப்புறத்ததை மட்டும் மாற்றவேண்டுமென்றார். பற்றவைக்கும் கருவிகள் பௌதிக ஆய்வுக்கூடத்தில் இருந்தமையின், ஒரு மாலைப்பொழுதில் அவ்வேலையை யாமே மேற்கொண்டோம். புதிய பிக்கப்பிலிருந்து சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என நான்கு கம்பிகளும், மேலுறையில்லாத ஒரு கம்பியும் வந்தன. எம்மிடம் முன்னமே ஹம்பக்கர் இணைப்புப் படம் ஒன்று இருந்தது. அதன்படி ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, தந்திகளைப் பூட்டி, சுருதி சேர்த்து, மாணவர் கையிற் கொடுத்தோம்.

அவர் மீட்டினார். எழுந்த ஒலி பழைய தொலைபேசியிற் கேட்கும் குரல்போல் இருந்தது. மந்தரஸ்வரங்கள் அடியோடு மறைந்து, மூக்காற் பேசுவது போன்ற மெல்லொலியே எஞ்சியது. முரலோ, பழைய பிக்கப் இருந்த காலத்தினும் மிகுந்துவிட்டது. மாணவர் ஒன்றும் பேசவில்லை. பழைய பிக்கப்பையே திரும்ப வைத்துவிடலாமா என்று சற்றுப் பொறுத்துக் கேட்டார். அவ்வினா எமக்குப் பெரிதும் உறைத்தது.

யாம் உடனே மல்டிமீட்டரை எடுத்துப் பிக்கப்பின் தடையை அளந்தோம். ஏறக்குறைய 8 கிலோ ஓம் காட்டியது. பிக்கப்போடு வந்த தாளிலும் அவ்வளவே குறிக்கப்பட்டிருந்தது. கம்பி அறவில்லை, குறுக்கே தொடவுமில்லை, இணைப்போ படத்தின்படியே உள்ளது, ஆகவே பிக்கப்பின் காந்தத்திலேயே குற்றம் இருத்தல் வேண்டும் என்று முடிவு செய்தோம். கடிதம் எழுதப்பட்டது அன்றிரவுதான்.

இவ்வாதத்திலுள்ள ஓட்டையை இப்பொழுது எளிதிற் காண்கின்றோம். தடை என்பது வழியின் நீளம் போன்றது. இரண்டு ஊர்களுக்கிடையேயுள்ள தூரத்தை அளந்தவர்க்கு, வண்டி போகின்றதா வருகின்றதா என்பது தெரியாது. இரு சுருளும் வரிசையாக இணைந்திருப்பின், அவற்றுள் ஒன்று தலைகீழாயிருப்பினும் மீட்டர் அதே 8 கிலோ ஓமைத்தான் காட்டும். இவ்வெண்ணை மிகுதியாக நம்புவோர் மற்றொன்றையும் கருதல் நன்று. செப்பின் தடை வெப்பம் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.4 விழுக்காடு ஏறும். 20 பாகை வெப்பத்தில் 8.0 கிலோ ஓம் உள்ள பிக்கப், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 35 பாகையில் 8.5-ஐ ஒட்டிக் காட்டும். அதுகொண்டு அதனை வலிமை மிக்கதென்றோ போலியென்றோ சொல்லுதல் தகாது.

உண்மையை வெளிப்படுத்தியது எம் அறிவன்று; மாணவரின் கை சும்மா இராமையே. மறுநாள் மாலையில் கிதார் மேசைமேல் தந்தி கழற்றிக் கிடந்தது. மீட்டரின் இரு முனைகளும் பிக்கப்பின் வெளிக்கம்பிகளில் மாட்டியபடியே இருந்தன. அவர் மீட்டரின் திருகை மில்லிவோல்ட் அளவிற்குத் திருப்பிவிட்டு, கையிலிருந்த திருப்புளியைப் பிக்கப்பின் இரும்புமுனைகளில் ஒட்டவைத்தும் வெடுக்கென எடுத்தும் விளையாடிக்கொண்டிருந்தார். திடீரென, “ஐயா, இந்தப் பக்கத்துச் சுருளிலிருந்து எடுத்தால் எண் நேராக வருகிறது, அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால் கழித்தற்குறியோடு வருகிறது. ஏன்?” என்றார். யாம் விடைகூறச் சிறிது நேரம் ஆயிற்று. விடை தெரிந்தபோதோ நாணமே முன்வந்தது.

திருப்புளி ஓர் எஃகுத்துண்டு. அதனைச் சுருளின் முனையிலிருந்து இழுத்தெடுப்பது, தந்தி அம்முனையைவிட்டு விலகுவதற்கு ஒப்பானது. ஹம்பக்கர் சரியாக இணைந்திருப்பின், எச்சுருளின் மேலிருந்து எடுப்பினும் எண்ணின் குறி ஒன்றாகவே இருத்தல் வேண்டும். தந்தியின் மின்சாரம் இரண்டிலும் ஒரே திசையதாக வேண்டுமன்றோ? குறி மாறியதென்றால், தந்தியின் ஒலியை ஒரு சுருள் எழுப்ப மற்றொரு சுருள் அமிழ்த்துகின்றது என்பதே பொருள். இச்சோதனை செய்வோர், ஒட்டவைத்தலை ஒட்டவைத்தலோடும் எடுத்தலை எடுத்தலோடுமே ஒப்பிடல் வேண்டும். ஒட்டவைக்கும்போது வரும் குறி எடுக்கும்போது வருவதற்கு எதிரானது. முள் உள்ள பழைய மீட்டராயின் முள் பாயும் திசையை நோக்கினாற் போதும்.

குற்றம் எங்ஙனம் நுழைந்தது? கம்பிகளின் நிறத்தினால். ஹம்பக்கரின் நான்கு கம்பிகளுக்கு இன்ன நிறம் இன்ன வேலைக்கு என்று எல்லாரும் ஒப்பிய விதி கிடையாது. ஸீமோர் டங்கன் கம்பெனியாரின் பிக்கப்பில் கறுப்பும் வெள்ளையும் ஒரு சுருளின் இரு முனைகள். சிவப்பும் பச்சையும் மற்றொரு சுருளின் முனைகள். சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகப் பற்றவைத்து மூடிவிட்டு, கறுப்பை ஒலிக்கம்பியாகவும் பச்சையைத் தரைக்கம்பியாகவும் கொள்ளுதல் அவர்கள் முறை. டிமார்ஸியோ கம்பெனியாரின் பிக்கப்பிலோ சிவப்பும் கறுப்பும் ஒரு சுருள். வெள்ளையும் பச்சையும் மற்றொன்று. கறுப்பையும் வெள்ளையையும் ஒன்றாக்கி, சிவப்பை ஒலிக்கம்பியாகவும் பச்சையைத் தரைக்கம்பியாகவும் கொள்ளுதல் இவர்கள் முறை. நிறங்கள் நான்கும் அவையே. பச்சை இரண்டிலும் தரைக்கே செல்கின்றது. ஆதலின் ஒருவர் படத்தை மற்றவர் பிக்கப்பிற்குக் கொள்வது மிக எளிதில் நேரும் பிழை.

இப்பிழை செல்லும் திசைக்கேற்ப வேறுபட்ட கேடு விளைப்பதைக் கவனித்தல் வேண்டும். முதற்கூறிய பிக்கப்பை இரண்டாவது படத்தின்படி இணைத்தால், கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகி ஒரு சுருள் தனக்குள்ளே மூடிக்கொண்டு ஊமையாகும். சிவப்புக்கும் பச்சைக்கும் இடையேயுள்ள சுருள் ஒன்றே பாடும். ஒலி சற்று மெலிந்து கூர்மையாகும், முரல் வரும், மீட்டரோ 8-க்குப் பதில் 4 காட்டி உண்மையைச் சொல்லிவிடும். இரண்டாவது கூறிய பிக்கப்பை முதற்படத்தின்படி இணைத்தாலோ, இரு சுருளும் வரிசையாகவே நிற்கும், ஆனால் ஒன்று தலைகீழாக. மீட்டர் 8 என்றே காட்டும். ஒலி மட்டும் சாகும். யாம் செய்தது இரண்டாவது. படமும் சரியே, பிக்கப்பும் சரியே. ஒன்று மற்றொன்றுக்குரியதன்று என்பதை யாம் நோக்கவில்லை. பிக்கப்போடு வந்த தாளின் பின்புறத்தில் சரியான படம் இருந்தது. முன்புறத்திலுள்ள எண்ணைப் படித்தவுடன் அதனை மடித்துவிட்டோம்.

கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து, சிவப்பை ஒலிக்கம்பியாக்கி மீண்டும் பற்றவைத்தோம். முரல் அடங்கியது; மந்தரஸ்வரங்கள் நிறைந்து ஒலித்தன. மாணவர் முகமலர்ச்சியோடு இரண்டு பிக்கப்பும் சேர்ந்தொலிக்கும் நடுநிலைக்குத் தெரிவியைத் தள்ளினார். மறுபடியும் அதே மூக்கொலி! தனித்தனியே ஒவ்வொன்றும் நன்றாகப் பாடுகின்றது; சேர்ந்தால் கெடுகின்றது. முரல் மட்டும் இம்முறை எழவில்லை.

இது முன்னைய நோயின் உடன்பிறப்பே. முன்னே ஒரு பிக்கப்பினுள் இரு சுருள்கள் எதிர்த்தன. இப்போது இரண்டு பிக்கப்புகள் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. ஊஞ்சலை இருவர் ஆட்டுகையில், ஒருவர் தள்ளும்போது மற்றவரும் தள்ளினால் அது உயரும். ஒருவர் தள்ளும்போது மற்றவர் இழுத்தால் நின்றுவிடும். பௌதிகத்தில் இதனை எதிர்க்கட்டம் என்பர். ஒவ்வொரு பிக்கப்பின் உள்ளும் சுருள்கள் இணங்கியிருத்தலின் முரல் இல்லை; பிக்கப்புகள் தம்முள் இணங்காமையின் நாதம் இல்லை. ஒலி முற்றும் அழியாமல் மூக்கொலி எஞ்சுவது ஏன் என்று மாணவர் கேட்டார். அது கேட்கத்தக்க வினா. இரண்டு பிக்கப்பும் தந்தியின் வேறு வேறு இடங்களின் கீழ் உள்ளன. அடிப்படை ஸ்வரத்தில் தந்தி முழுதும் ஒருங்கே மேலுங்கீழும் ஆடுதலின், இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே கேட்கின்றன. எதிர்த்தால் அது பெரிதும் அழியும். மேற்பட்ட அநுஸ்வரங்களில் தந்தி பல கண்டங்களாகப் பிரிந்து, ஓரிடத்தில் மேலும் மற்றோரிடத்திற் கீழுமாக ஆடும். ஆகவே அவை அவ்வளவாக அழியா. அடி போய் நுனி நின்ற ஒலியே மூக்கொலி.

இரண்டு பிக்கப்பின் கட்டம் ஒன்றா என்பதைக் கிதாரைத் திறவாமலே சோதிக்கலாம். வாசிக்கும் கேபிளைக் கிதாரில் செருகி, மறுமுனையில் மீட்டரை மாட்டி, வால்யூம் முழுதுந் திறந்து, தெரிவியை ஒருபுறம் வைத்து அப்பிக்கப்பினின்றும் திருப்புளியை எடுக்க. பின்னர் மறுபுறம் வைத்து மற்றதினின்றும் எடுக்க. குறிகள் ஒத்தால் ஒரு கட்டம், மாறினால் எதிர்க்கட்டம். இதே நிலையில் தடையையும் அளந்துவிடலாம். பிக்கப்பின் கம்பி அறுந்திருப்பின் மீட்டர் வால்யூமின் 500 கிலோ ஓமை மட்டும் காட்டும். ஏதேனும் குறுக்கே தொட்டிருப்பின் சுன்னத்தை ஒட்டிக் காட்டும். நடுநிலையில் இரண்டுஞ் சேர, ஒன்றின் பாதியளவு காட்டும்.

மாற்றம் எதனிற் செய்வது? கழுத்துப்புறத்துப் பழைய பிக்கப்பில் ஒலிக்கம்பி ஒன்றும், அதனைச் சூழ்ந்த பின்னலுறை ஒன்றுமே இருந்தன. அப்பின்னல் பிக்கப்பின் உலோகத் தகட்டோடு ஒட்டியது. அதனைத் தலைகீழாக்கினால் தகடும் பின்னலும் ஒலிக்கம்பியாகி, அறையிலுள்ள இரைச்சல் யாவும் அதன் வழியே புகும். ஆதலின் புதியதையே மாற்றினோம்: பச்சை ஒலிக்கு, சிவப்பு தரைக்கு, உறையில்லாக் கம்பி மட்டும் எப்போதும்போல் தரைக்கே. டெலிகாஸ்டர் கிதாரின் கழுத்துப்புறப் பிக்கப்பிற்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அதன் உலோக மூடி வழக்கமாகத் தரைக்கம்பியோடு பிணைந்திருக்கும். முதலில் அப்பிணைப்பை அறுத்து, மூடிக்குத் தனிக்கம்பி கொடுத்த பின்னரே சுருளின் இரு முனைகளையும் மாற்றுதல் தகும். பற்றவைக்கும்போது அச்சிறு முனைகளில் உள்ள கம்பி எளிதில் அறும். அறுந்தால் பிக்கப்பே போம்.

எதிர்க்கட்டம் எல்லார்க்கும் குற்றமாகத் தோன்றுவதில்லை. ஆங்கில நாட்டுப் பீட்டர் கிரீன் என்பாரது லெஸ் பால் கிதாரில் கழுத்துப்புறப் பிக்கப்பின் காந்தம் திரும்பியிருந்தமையால், நடுநிலையில் இதே உள்ளீடற்ற ஒலி எழுந்தது. அவர் அதனைத் தமக்கே உரிய அழகாக்கிக்கொண்டார். ஆனால் வேண்டிப் பெறுவது வேறு, வேண்டாது வந்து வருத்துவது வேறு.

மந்தமாகிப்போன ஒலியைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். ஏனெனில் ஒற்றைச்சுருள் பிக்கப் இருந்த கிதாரில் ஹம்பக்கரை வைப்போர்க்கு அதுவே வரும் குறை. வால்யூம், டோன் என்னும் திருகுகளின் கீழுள்ளவை மாறுதடைகள். ஒற்றைச்சுருளுக்கு 250 கிலோ ஓமும், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓமும் வழக்கம். இது வெறும் சம்பிரதாயமன்று. பிக்கப்பின் சுருளும் கேபிளின் மின்கொள்ளளவும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்கி, ஒரு குறித்த அதிர்வெண்ணில் ஒலியை மேம்படுத்தும். 6 மீட்டர் கேபிளும் சுருளும் சேர்ந்து 700 பிக்கோபாரட் ஆயின், 2.4 ஹென்ரி உள்ள ஒற்றைச்சுருளில் அம்முகடு வினாடிக்கு ஏறக்குறைய 3,900 அதிர்விலும், 4.4 ஹென்ரி உள்ள ஹம்பக்கரில் ஏறக்குறைய 2,900 அதிர்விலும் நிற்கும். ஹம்பக்கரின் முகடு இயல்பாகவே தாழ்ந்தது. அதன்மேல் 250 கிலோ ஓம் மாறுதடை இரண்டையுஞ் சுமத்தினால், அவை சேர்ந்து 125 கிலோ ஓமாய் முகட்டை மழுக்கிவிடும். கம்பளி போர்த்தது போன்ற ஒலி வரும். மாறாக, ஒற்றைச்சுருளை 500-ல் இணைத்தால் காதிற் குத்தும். மாறுதடைகளை மாற்றினால் இவை தீரும். நீளமான கேபிளை விட்டுக் குறுகியதை மாட்டிப் பார்த்தல் செலவின்றிச் செய்யத்தக்க முதற்சோதனை. டோன் கண்டென்சரைக் குறைகூறுவோரும் உளர். டோன் முழுதுந் திறந்திருக்கையில் அதன் அளவு ஏறக்குறைய ஒன்றுஞ் செய்வதில்லை. திருகைச் சிறிது மூடியதும் யாவும் இருண்டுவிட்டால் மட்டும் அதனை நோக்குக: 0.022 மைக்ரோபாரட்டுக்கு 223 என்றும், அதனிற் பத்து மடங்காகிய 0.22-க்கு 224 என்றும் பொறித்திருப்பர். கடைசி எண் ஒன்றிற் கண் தவறினால் அவ்வளவும் தவறும்.

தந்தியைத் தொட்டவுடன் முரல் குறைவது பழுதன்று. நம் உடல் அறையின் இரைச்சலை ஏந்தும் ஒரு கம்பிபோல் நிற்கின்றது. குதிரைக்குச் செல்லும் தரைக்கம்பி அதனைத் தரைக்கு இழுத்துவிடுகின்றது. தொட்டவுடன் முரல் கூடினால், ஒலிக்கம்பியும் தரைக்கம்பியும் எங்கோ இடம் மாறியுள்ளன எனக் கொள்க. விட்டுவிட்டு ஒலிப்பதும், திருகை அசைத்தால் கரகரப்பதும் பெரும்பாலும் ஈயம் சரியாகப் பிடிக்காமையால் வருவன. மாறுதடையின் முதுகில் பற்றவைக்கும்போது உலோகம் நன்கு சூடேறாவிடின் ஈயம் உருண்டையாய் மேலே நிற்கும், உள்ளே பற்றாது.

எம் கிதாரில் கடைசியாக எஞ்சியது உயரம். பிக்கப் தந்திக்கு மிக அருகிருந்தால் ஒலி உரக்க வரும் என்று மாணவர் திருகுகளை முற்றும் ஏற்றியிருந்தார். உரக்க வந்தது உண்மையே. ஆனால் கழுத்துப்புறத்தை அது முற்றும் மூடிவிட்டது. காந்தங்களே முனைகளாயுள்ள ஒற்றைச்சுருள் பிக்கப்பாயின் கேடு இன்னும் மிகும்: காந்தம் தந்தியை இழுத்து, அதன் ஆட்டத்தைக் கெடுத்து, ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிளந்து துடிப்பது போன்ற ஒலியைத் தரும், மேல்மெட்டுகளில் சுருதியும் சேராது. தடித்த தந்தியைக் கடைசி மெட்டில் அழுத்திக்கொண்டு, தந்திக்கும் பிக்கப்பிற்கும் இடையே 2.5 மில்லிமீட்டரும், மெல்லிய தந்திக்கு 2 மில்லிமீட்டரும் வைத்துத் தொடங்கி, பிறகு செவி சொல்லும்படி ஏற்றியிறக்குதல் நல்லது. குதிரைப்புறத்துப் பிக்கப்பைக் கால் திருகு, கால் திருகாக இறக்கினோம். ஒவ்வொரு முறையும் அவர் மூன்று நிலையிலும் மீட்டிக் கேட்டார். ஆறாவது கால் திருகில் கையை உயர்த்தினார்.

இரண்டாம் மாலையில் அவ்வளவும் முடிய இருட்டிவிட்டது. இணைத்தபடியே நிறங்களைக் குறித்து ஒரு சிறு படம் எழுதி, பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டினோம். அடுத்துத் திறப்பவர் பச்சை ஒலிக்குச் செல்வதைக் கண்டு எம்மை அறிவிலார் எனக் கருதி மாற்றிவிடாதபடி, காரணத்தையும் ஒரு வரியில் எழுதினோம். மேசை இழுப்பறையில் இருந்த கடிதத்தின் தபால்தலையை மாணவர் நீராவியிற் காட்டிப் பெயர்த்தெடுத்தார்.